ஆடு தொட்ட செடிகள்

புதுக்கோட்டைக்குத் தெற்கே, திருமயம் சாலையிலிருந்து சற்று விலகி, எனக்குச் சித்தப்பா முறையுள்ள ஒருவருக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம் உண்டு. செம்புறாங்கல் பாறையின் மேல் ஒன்றரை அடிகூட மண் இல்லாத, கடலை போட்டால் விதைக்கடலையே திரும்பி வராத பூமி என்பதால் அது இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தரிசாகக் கிடந்தது. 2021 ஆனி மாதத்தில் அதை வீட்டுமனைகளாகப் பிரிக்கப்போவதாகவும், தீபாவளி முடிந்ததும் பொக்லைன் வந்து புதர்களை வழித்துவிடும் என்றும் அவர் சொன்னார். அதற்கு முன்பு அங்கிருந்து சில செடிகளைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குறுமரமாக, வளர்ப்பதற்காகத் தோண்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சம்மதத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரும்படியும் கேட்டபோது, “முள்ளுச் செடிக்கு எதுக்குப்பா எழுத்து?” என்று சிரித்தார்.

எழுத்து வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் மாவட்டத்தில் தைலமரக் காடுகளும் புதர்க்காடுகளும் பட்டா நிலங்களும் வேலியின்றி ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன. காப்புக்காட்டுக்குள் நுழைந்து ஒரு செடியைப் பிடுங்குவதும், 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி, குற்றம்தான். புறம்போக்கு நிலம் அரசுடையது. கோயில்காட்டில் கை வைக்க ஊர் விடாது, விடவும் கூடாது. திருமயம் கோட்டைச் சுவர் இடுக்குகளில் வேரோடித் தொங்கும் அரசையும் இச்சியையும் பார்க்கும்போதெல்லாம் என் கை துறுதுறுக்கும். ஆனால் அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், அங்கே பார்ப்பதோடு சரி. ஆகவே சித்தப்பாவின் பட்டா நகலையும் அவர் கையெழுத்திட்ட கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பதை அவரையே உடன் வந்து காட்டச் சொன்ன பிறகுதான் கடப்பாரையைத் தொட்டேன். காட்டில் தானாக வளர்ந்த மரத்தை எடுத்துத் தொட்டியில் வளர்ப்பதை ஜப்பானியர் ‘யமாதோரி’ என்பார்கள்; மலையிலிருந்து எடுத்தது என்று பொருள். நம் ஊரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துபவர்களில் பலர், எடுத்த இடம் யாருடையது என்பதைச் சொல்வதில்லை.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஒரு முறை முயன்று தோற்றிருந்தேன். 2019 சித்திரையில், அக்கினி வெயிலில், எங்கள் சொந்த வயல் வரப்பிலிருந்த ஒரு காரைச் செடியை ஒரே மூச்சில் தோண்டி எடுத்து, அன்று மாலையே அழகான ஆழமற்ற தட்டில் நட்டு, புண்ணாக்குக் கரைசலும் ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் அது துளிர்த்தது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் படம் அனுப்பினேன். நாற்பதாம் நாள் துளிரெல்லாம் கருகி, நகத்தால் கீறிப் பார்த்தால் பட்டைக்கடியில் பச்சையே இல்லாமல் போயிருந்தது. அந்தத் துளிரை நம்பியது எவ்வளவு பெரிய பேதைமை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

சித்தப்பாவின் நிலத்தில் முதல் சில நாட்கள் எதையும் தோண்டாமல் சுற்றிப் பார்த்தேன். அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஒருவர், நான் ஒவ்வொரு புதரின் அடியிலும் குனிந்து பார்ப்பதைக் கண்டு, “என்ன தம்பி, எதையும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார். குட்டையாக இருக்க வேண்டும், அடிமரம் மட்டும் பருத்திருக்க வேண்டும் என்று நான் விளக்கியதும், “அப்ப ஆடு மேஞ்ச செடியாப் பாருங்க” என்று சொல்லி, நிலத்தின் மேற்கு ஓரத்துக்கு அழைத்துப்போனார். அங்கேதான் ஆடுகள் தினமும் போய்வரும் தடம் இருந்தது. தடத்தின் இருபுறமும் நின்ற குரங்கு வெற்றிலை, களா, காரைச் செடிகள் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல், ஆண்டுக்கணக்காகக் கடிபட்டுக் கடிபட்டு, கணுவுக்குக் கணு கிளைவிட்டு, அடிமரம் மட்டும் மணிக்கட்டு கனத்துக்குத் திரண்டிருந்தன. கத்தரிக்கோலால் பதினைந்து ஆண்டுகள் செய்ய வேண்டிய வேலையை வெள்ளாடுகள் செய்து முடித்திருந்தன. ஆடுதொடா என்று பெயர் வைத்து ஒரு செடியைச் சிறப்பித்த நம்மவர்கள், ஆடு தொட்ட செடிகளுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கலாம்.

குரங்கு வெற்றிலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நுனியில் மூன்று பற்கள் கொண்ட சிறிய இலை, வெள்ளைப் பூ, சிவந்த பழம் என்று நம் வேலியோரங்களில் சாதாரணமாக நிற்கும் இந்தச் செடிதான், ‘கார்மோனா’ என்றும், சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தின் பெயரால் ‘ஃபுகியன் தேயிலை’ என்றும் உலகெங்கும் போன்சாய்க் கடைகளில் விற்கப்படுகிறது. தமிழ்நாடும் இலங்கையும் அதன் இயற்கையான வாழிடங்களில் அடங்கும். நான் முன்னொரு முறை வெளியூர் நர்சரி ஒன்றில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கி வந்த கார்மோனாவின் இலையையும், கீதாரி காட்டிய செடியின் இலையையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வந்தது சிரிப்பா வெட்கமா என்று சொல்லத் தெரியவில்லை.

மேலே தழை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்திவிட்டு, அடியில் மண்ணைக் கையால் விலக்கி, வேர் எந்தத் திசைகளில் பிரிகிறது என்று மட்டும் பார்த்தேன். கிளை வேண்டுமானால் மூன்று ஆண்டுகளில் வளர்த்துக்கொள்ளலாம். அடிமரத்தையும் வேர் பிரியும் இடத்தையும் நாம் எளிதில் உண்டாக்க முடியாது. செம்புறாங்கல் நிலம் இந்த வகையில் பேருதவி செய்தது. ஆணிவேர் ஓரடிக்குக் கீழே பாறையில் முட்டி நின்றுவிடுவதால் பக்கவேர்கள் தட்டையாகப் படர்ந்திருந்தன. இப்படிப் பார்த்து மூன்று குரங்கு வெற்றிலை, இரண்டு பராய், ஒரு களா, ஒரு காரை என ஏழு செடிகளுக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டினேன். மிக அழகான ஒரு புளியை விட்டுவிட நேர்ந்தது. அதன் ஆணிவேர் பாறைப் பிளவுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது, அதை உயிரோடு பிரிக்க முடியாது. பராயைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு பழைய நினைவே காரணம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்து எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது, ஆலங்குடிப் பக்கம் சாய்ந்து கிடந்த பராய் ஒன்று, மண்ணில் மிச்சமிருந்த ஒரு பக்க வேரை மட்டும் கொண்டு தண்டு முழுவதும் தழைத்ததைப் பார்த்திருந்தேன். திருப்பராய்த்துறைக்குப் பெயர் தந்த அதே தலமரம் இது. உப்புத்தாள் போல் சொரசொரக்கும் அதன் இலையை இங்கே பெரும்பாலும் யாரும் மதிப்பதில்லை. தாய்லாந்திலோ வெட்டி வளைத்து வளர்க்கும் மரபான குறுமரங்களில் பராய்க்கு முக்கிய இடம் உண்டு.

முதல் வெட்டு ஆடிப் பதினெட்டு அன்று விழுந்தது. ஊரெல்லாம் விதைக்கிற நாளில் நான் வேரை அறுத்தேன். ஒவ்வொரு செடியைச் சுற்றியும் அடிமரக் கனத்தைப் போல ஐந்து மடங்கு தள்ளி ஒரு வட்டம் வரைந்து, அந்த வட்டத்தின் ஒரு பாதியில் மட்டும் குந்தாலியால் முக்கால் அடி ஆழத்துக்குக் கால்வாய் போல வெட்டி, குறுக்கே வந்த வேர்களைக் கூரான ரம்பத்தால் நேராக அறுத்து, கால்வாயைச் சலித்த மணலாலும் தென்னை நார்க்கழிவாலும் நிரப்பினேன். அறுபட்ட வேர்முனையில் புதிய சல்லிவேர்கள் அடிமரத்துக்கு அருகிலேயே உண்டாகும் என்பதும், மீதிப் பாதி வேர்கள் அதுவரை செடிக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருக்கும் என்பதும் இதன் கணக்கு. ஆவணியில் மறுபாதியையும் அதேபோல் அறுத்தேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை இருசக்கர வண்டியில் குடம் கட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவேன். நான் வராத நாட்களில் கீதாரி தம் பங்குக்கு ஊற்றிவைப்பார். கற்களைப் புரட்டும்போது சுருட்டைவிரியன் ஒன்று எதிர்ப்பட்டதிலிருந்து முழங்கால் வரை பூட்ஸ் போடாமல் அங்கே போனதில்லை.

புரட்டாசிக் கடைசியில், இரண்டு மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய பிறகு, ஒரு நாள் விடியற்காலையில் ஏழையும் எடுத்தோம். கால்வாயைத் திறந்தபோது மணலுக்குள் வெள்ளை நூல் போலச் சல்லிவேர்கள் தெரிந்தன. காரையில் மட்டும் ஏறத்தாழ எதுவுமே இல்லை. அன்றே அதை விட்டுவந்திருக்க வேண்டும், ஆசை விடவில்லை. மேலே தழையை முக்கால்வாசி கழித்து, அடியில் கடப்பாரையால் நெம்பி, தாய்மண்ணோடு தூக்கி ஈரச் சாக்கில் சுற்றிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். செம்புறாங்கல் சரளை கையில் நிற்காமல் உதிரும் மண் என்பதால் பாதித் தாய்மண் வழியிலேயே கொட்டிவிட்டது. குட்டியானை வண்டியில் ஏற்றி, காற்றுப் படாமல் படுதா போர்த்தி, பகல் பத்து மணிக்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

நடுவதற்குத் தக்காளிக் கூடைகளையே எடுத்துக்கொண்டேன். 2019இல் செய்ததுபோல் அழகிய தட்டைத் தேடிப் போகவில்லை. ஆற்று மணல் கிடைப்பதே அரிதாகிவிட்டதால், அதே நிலத்துச் செம்புறாங்கல் சரளையையும் நாட்டுச் செங்கல் உடைசலையும் சலித்து, மாவு போன்ற பொடியை நீக்கி, மூன்று முதல் ஆறு மில்லிமீட்டர் வரையிலான துண்டுகளை மட்டும் வைத்து, நான்கில் ஒரு பங்கு நார்க்கழிவு கலந்தேன். கடப்பாரையால் நசுங்கிய வேர்முனைகளை மறுபடி ரம்பத்தால் திருத்தி, பெரிய காயங்களுக்கு உருக்கிய தேன்மெழுகு தடவினேன். பராயில் பால் வடிவது நின்ற பிறகே மெழுகு ஒட்டியது. அடிமரத்தைக் கூடையின் நான்கு மூலைகளோடும் கம்பியால் அசையாமல் கட்டினேன். காற்றில் மரம் ஆடினால் அப்போதுதான் முளைக்கும் நூல்வேர்கள் அறுந்துவிடும். பார்ப்பதற்குச் சிறிய வேலையான இந்தக் கட்டுக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். கடைசியாக ஒவ்வொரு செடியையும் ஒளி புகும் பெரிய பாலித்தீன் பையால் மூடி, நிழல்வலைப் பந்தலுக்குள் வைத்தேன்.

அதற்குப் பிறகு செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. தோண்டுவதைவிட இது எனக்குக் கடினமாக இருந்தது. மூன்று வாரத்தில் ஏழும் துளிர்த்தன. வீட்டில் எல்லோரும் பையை எடுத்துவிடச் சொன்னார்கள். ஆனால் அறுபட்ட மரம் தன் தண்டில் சேர்த்துவைத்த மாவுச்சத்தைச் செலவழித்தே முதல் துளிரை விடுகிறது. வேர் பிடிக்காவிட்டாலும் அது துளிர்க்கும், சேமிப்புத் தீர்ந்ததும் சாயும். என் பழைய காரை ஏன் நாற்பதாம் நாள் செத்தது என்பதற்கு விடை இதுதான். முதல் துளிர் முற்றி, சில வாரம் அசைவற்று நின்று, பிறகு இரண்டாவது துளிர் வந்தால்தான் கீழே வேர் ஓடுகிறது என்று நம்பலாம். அந்த இரண்டாவது துளிருக்காகக் காத்திருந்தபோதுதான் நவம்பர் மழை நாள்கணக்கில் விடாமல் கொட்டியது. பந்தல் ஒழுகி, பையின் வாய் வழியே நீர் இறங்கி, புதிய காரையின் அடிமரம் கார்த்திகையில் அழுகி நாற்றமெடுத்தது. குரங்கு வெற்றிலையில் ஒன்றும் அதே வாரத்தில் போயிற்று. அது என் கவனக்குறைவு, கூடையின் அடியில் செங்கல் கொடுத்து உயர்த்த மறந்திருந்தேன்.

தை பிறந்தபோது மற்றவற்றில் இரண்டாவது துளிர் வந்தது. பையில் பத்து நாளைக்கு ஒரு துளையாக வெட்டி, மாசி முடிவில் முழுவதும் எடுத்தேன். களா மட்டும் இரண்டாவது துளிரைக் காட்டாமல் முதல் இலைகளோடே பங்குனி வரை பச்சையாக நின்று, வெயில் ஏறியதும் ஒரே வாரத்தில் காய்ந்தது. கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு வேர்கூட வந்திருக்கவில்லை. ஐந்து மாதம் அது சேமிப்பைத் தின்றே நின்றிருக்கிறது.

மீந்த நான்குக்கும் 2022 ஆடி வரை உரம் எதுவும் கொடுக்கவில்லை. அதன் பிறகு கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றினேன். வெட்டவும் இல்லை, கம்பி சுற்றவும் இல்லை. தழை தாறுமாறாக இரண்டடிக்கு வளர்ந்து, பார்த்தவர்கள் இதுவா போன்சாய் என்று கேட்டார்கள். தழை வளர்ந்தால்தான் வேர் வளரும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. 2023 புரட்டாசியில் முதல் முறையாகக் கூடையைப் பிரித்து, வேரைத் திருத்தி, குரங்கு வெற்றிலை இரண்டையும் ஆழம் குறைந்த மண்தொட்டிகளுக்கு மாற்றினேன். ஆடு கடித்த பழைய முட்டுகளில் எதை வைத்துக்கொள்வது, எதை அறுப்பது என்று முடிவு செய்யவே ஒரு மாதம் ஆயிற்று. பெரும்பாலானவற்றை அப்படியே விட்டேன். அலுமினியக் கம்பி சுற்றியது புதிதாக வளர்ந்த கிளைகளில் மட்டும்தான்.

பெரிய பராய் 2024இல் தட்டுக்கு வந்தது. சிறியது இன்னும் தக்காளிக் கூடையில்தான் இருக்கிறது. கிழக்குப் பக்கம் அதற்கு வேரே இல்லை. அந்தப் பக்கத்துப் பட்டையைக் கீறி, ஈர நாரைக் கட்டி, வேர் விடுகிறதா என்று வரும் ஆடியில் பார்க்க வேண்டும். கீதாரி இந்தப் பொங்கலுக்கு வந்தபோது அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு குரங்கு வெற்றிலைத் தொட்டியருகே போய், “இதுல எங்க ஆடு கடிச்சது எது, நீங்க வெட்டுனது எது?” என்று கேட்டார். எனக்கு இரண்டு இடங்களில் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.