பியர்காஸ்ட் வானொலி: 7144 திறக்க மூன்று நாள்

கேட்பவர்களே ஒலியை அடுத்தவருக்குக் கைமாற்றும் இணைய வானொலி மென்பொருளான பியர்காஸ்ட்டை நிறுவி, என்கோடரில் (ஒலியை எம்பி3 ஆக்கி அனுப்பும் மென்பொருள்) நம் கணினியையே குறிக்கும் 127.0.0.1, போர்ட் (இணைப்பு நுழையும் வாசல் எண்) 7144 கொடுத்து, 128 கேபிபிஎஸ் எம்பி3 ஓடவிட அரை மணி நேரம் போதும். ஷவுட்காஸ்ட் (இன்னொரு இணைய வானொலி மென்பொருள்) வகை என்கோடர் மட்டும், நாம் எழுதும் எண்ணோடு ஒன்று கூட்டி 7145-ல் போய்த் தட்டும். அங்கும் பியர்காஸ்ட் காத்திருக்கிறது. அதனால் என்கோடரின் போர்ட் பெட்டியில் 7144 என்றே எழுதுங்கள்.

என் கணினியில் பாட்டு கேட்டது. வெளியே ஒருவருக்கும் வரவில்லை, ரிலே (நம் ஒலியை வாங்கி அடுத்தவருக்குக் கைமாற்றும் கணினி) எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றது. அங்கிருந்து மூன்று நாள் போயிற்று.

முதல் தடை விண்டோஸ் ஃபயர்வால். அனுமதி கேட்டபோது 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் டிக் அடித்திருந்தேன். வைஃபையோ 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தது. அடுத்தது ரவுட்டர். வெளியிலிருந்து 7144-க்கு வருவதைக் கணினியின் லோக்கல் ஐபிக்கு (வீட்டு நெட்வொர்க்கில் அதன் முகவரி) திருப்பிவிட்டேன். மறுநாள் ரவுட்டர் வேறு ஐபி கொடுத்ததில் அந்த விதி ஆளில்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. ரவுட்டரில் டிஹெச்சிபி ரிசர்வேஷன் (இந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே ஐபி தரும் அமைப்பு) போட்டு ஐபியை நிலையாக்கிய பிறகுதான் போர்ட் விதி எழுத வேண்டும்.

சோதித்த விதமும் தவறு. அதே வைஃபையில் இருக்கும் போனிலிருந்து வெளி ஐபியைத் தட்டினால் பல ரவுட்டர்கள் திருப்பி அனுப்பாது. மொபைல் டேட்டாவுக்கு மாறிச் சோதியுங்கள். பியர்காஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சோதியுங்கள். நிறுத்திவிட்டால் சரியாகத் திறந்த போர்ட்கூட மூடியதாகவே காட்டும்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் திறக்கவில்லை. கடைசியில் பார்த்தால், ரவுட்டரின் வான் ஐபி (இணைய நிறுவனம் ரவுட்டருக்குத் தரும் முகவரி) 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை வருபவை இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் அடைத்துவைக்கும் சிஜிநாட் முகவரிகள். வீட்டு ரவுட்டரில் என்ன விதி எழுதினாலும் வெளியிலிருந்து வரும் இணைப்பு நம்மிடம் வந்து சேராது. வான் ஐபியும், வெளித்தளம் காட்டும் ஐபியும் ஒன்றா என்று முதலிலேயே பார்த்திருந்தால் மூன்று நாள் மிச்சம். வேறெதையும் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

உதவி எண்ணில் மூன்று முறையும் "மோடத்தை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். நான்காம் முறை, "நான் சிஜிநாட்டில் இருக்கிறேன், பப்ளிக் ஐபி வேண்டும்" என்று கேட்டதும் அழைப்பு தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனது. அன்று மாலையே மாற்றித் தந்தார்கள். ஸ்டேட்டிக் ஐபி தேவையில்லை, மாறும் பப்ளிக் ஐபியே போதும்.

முதல் ரிலே ஏறியதைப் பார்த்தபோது வந்த நிம்மதி பெரிது. பத்துப் பேருக்கு நேரடியாகக் கொடுத்தால் 1,280 கேபிபிஎஸ் அப்லோட் போகும். மூன்று பேருக்குக் கொடுத்து, மீதிப் பேருக்கு அவர்கள் கைமாற்றினால் 384தான்.

ஆனால் ரிலே வரம்பை (நேரடியாக எத்தனை பேருக்கு அனுப்பலாம் என்ற எண்ணிக்கை) தாராளமாக வைக்காதீர்கள். அளந்து பார்த்த அப்லோடில் 70 சதவீதத்தை ஒலியின் பிட்ரேட்டால் (இங்கே 128) வகுத்து, அதிலும் ஒன்று குறையுங்கள். 1,000 கேபிபிஎஸ் இருந்தால் நான்கு. எட்டு வைத்தபோது எனக்குக் கீழே தொங்கிய எல்லோருக்கும் சேர்ந்தே திக்கியது. நடுவில் இருப்பவர் கணினியை மூடினால், அவருக்குக் கீழே இருப்பவர்களுக்கு வேறு ரிலே கிடைக்கும்வரை ஒலி அறுந்துபோகும். நாள் முழுக்க கணினியை ஓடவிடும் நண்பர்களை முதலில் இணையச் சொல்லுங்கள்.