இரண்டு ஓஎஸ் உள்ள லேப்டாப்பில் டிஸ்க் மாற்றுவது

விண்டோஸும் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் இருந்தால், பெரிய எஸ்எஸ்டிக்கு மாறும்போது எல்லோரும் பயப்படுவது காப்பி எடுக்கும் வேலைக்கு. அதை, டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் (குளோன்) இலவச மென்பொருளான குளோன்ஸில்லா ஒழுங்காகவே செய்துவிடும். சிக்கல் வருவது அதற்கு முன்னும் பின்னும்தான்.

முதலில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் என்கிரிப்ஷன். விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கலாம். அணைத்துவிட்டு, பூட்டு முழுதும் நீங்கும்வரை (டிகிரிப்ட்) பொறுங்கள். 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் சீக்கிரம் ஏறுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைக்க வேண்டும். அது இருந்தால் ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் பாதித் தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் உள்ள என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் அமைப்பு) பார்ட்டிஷனை, லினக்ஸில் பார்ட்டிஷன்களை மாற்றும் கருவியான ஜிபார்ட்டட் தொடாது.

புது டிஸ்க் பழையதைவிட ஒரு செக்டர்கூட (டிஸ்க்கின் மிகச் சிறிய சேமிப்புத் துண்டு) குறையக் கூடாது. 500 ஜிபியிலிருந்து 480 ஜிபிக்கு நேரடியாக குளோன் ஆகாது. புது டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டுக் காப்பி எடுப்பவர்கள் கவனிக்க: சில கேஸ்கள் 512 பைட் செக்டரை 4096 என்று காட்டும். அப்படி எழுதிய பார்ட்டிஷன் டேபிள், டிஸ்க்கை லேப்டாப்புக்குள் மாட்டியதும் படிக்க முடியாததாகிவிடும்.

காப்பி முடிந்ததும் மெஷினை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட். இதில் சமரசமே வேண்டாம். இரண்டு டிஸ்க்கிலும் யுயுஐடி (பார்ட்டிஷனின் அடையாள எண்) ஒன்றே என்பதால், லினக்ஸ் பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்துவிடக்கூடும். புதியதில் வேலை செய்வதாக நினைத்துப் பழையதிலேயே எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வராமல் நேராக விண்டோஸ் வந்தால் பதற வேண்டாம். பூட் பதிவு மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. டிஸ்க் மாறியதும் சில மெஷின்கள் அதை அழித்துவிடும். முதலில் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். லினக்ஸின் பெயர் அங்கே இல்லையென்றால், லைவ் யுஎஸ்பியை (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) யுஇஎஃப்ஐ முறையில் பூட் செய்து, லினக்ஸின் ரூட் பார்ட்டிஷனையும் பூட் ஃபைல்கள் உள்ள இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்து, குரூட் (chroot) கட்டளை வழியே அந்த லினக்ஸுக்குள் போய் கிரப்-இன்ஸ்டால் (grub-install) ஓட்டினால் போதும்.

சாட்டா வகை டிஸ்க்கிலிருந்து என்விஎம்இ வகைக்கு மாறினால் விண்டோஸ் நீலத்திரை காட்டலாம். ஒருமுறை சேஃப் மோடில் ஏற்றினால் டிரைவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த முறை பெரும்பாலும் சரியாக ஏறும்.

கூடுதல் இடம் முழுக்க டிஸ்க்கின் கடைசியில் கிடக்கும். ஜிபார்ட்டட் திறந்ததும் ஜிபிடி டேபிளை (பார்ட்டிஷன்களின் பட்டியல்) சரிசெய்யவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள், ஏனென்றால் டேபிளின் பிரதி பழைய டிஸ்க் முடிந்த இடத்திலேயே நிற்கிறது. சி டிரைவைப் பெரிதாக்க வேண்டுமானால் இடையிலுள்ள லினக்ஸ், ரெக்கவரி பார்ட்டிஷன்களை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அது மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் பார்ட்டிஷன் போச்சு. அதைவிட, காலியிடத்தில் புதிதாக ஒரு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் போட்டு இரண்டு ஓஎஸ்ஸுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதே நல்லது.

பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். பிறகு அழிக்கும்போதும் லைவ் யுஎஸ்பியிலிருந்தே அழியுங்கள். எந்த டிஸ்க் எது என்பதை மாடல் பெயரை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.