திறக்காத படக் கோப்பு: ரிப்பேருக்கு முன்னால் நோட்பேட்

படம் திறக்கவில்லை என்றதும் பலரும் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு ரிப்பேர் மென்பொருளை இறக்கி, அந்தக் கோப்பின் மேலேயே ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அப்படி என் கைக்கு வருபவற்றில் பல, கெட்டே போகாத படங்கள். அவற்றைப் படிக்க அந்தக் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். கெட்டதா, புரியாததா என்று முதலில் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கோப்பை வேறு ஃபோல்டரில் காப்பி எடுத்து, காப்பியில் மட்டும் கை வையுங்கள். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள். 0 பைட்ஸ் என்றால் பெயர் மட்டும் பதிவாகி, உள்ளே எதுவும் வந்து சேரவில்லை. எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது; அசல் இருந்த போனிலோ கார்டிலோதான் தேட வேண்டும்.

அளவு சரியாக இருந்தால் காப்பியை நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள். சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள், செய்தால் படம் நிஜமாகவே கெட்டுவிடும். குழப்பமான குறிகளுக்கு நடுவே ஜேஎஃப்ஐஎஃப் (JFIF) அல்லது எக்ஸிஃப் (Exif) என்ற ஆங்கில எழுத்துகள் தெரிந்தால் அது ஜேபெக். பிஎன்ஜி (PNG) என்றிருந்தால் பிஎன்ஜி. ஆர்ஐஎஃப்எஃப் (RIFF) என்று தொடங்கிச் சற்றுத் தள்ளி வெப்பி (WEBP) வந்தால் அது இணையப் படங்களுக்கான வெப்பி. எஃப்டிஒய்பி (ftyp), ஒட்டியே ஹெச்இஐசி (heic) என்று வந்தால் ஐபோன் படம். பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் பின்னொட்டு ஒன்று, உள்ளே வேறொன்று என்றால் பின்னொட்டைத் திருத்தினாலே பெரும்பாலும் திறந்துவிடும். விண்டோஸ் 11-ல் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போனால்தான் பின்னொட்டு கண்ணுக்குத் தெரியும். ஹெச்டிஎம்எல் என்று தொடங்கினால் அது படமே அல்ல. படத்துக்குப் பதில் லாகின் பக்கமோ பிழைப் பக்கமோ இறங்கியிருக்கிறது. திரும்ப டவுன்லோடு செய்யுங்கள்.

ஹெச்இஐசி விஷயத்தில் நிறையப் பேர் சிக்குகிறார்கள். 2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து புதிய ஐபோன்கள் இந்த வடிவில்தான் படமெடுக்கின்றன. அதை விண்டோஸில் திறக்க உதவும் ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசம். அதைப் போட்ட பிறகும் திறக்காமல் இருக்கலாம்: படத்தின் உள்ளடக்கம் ஹெச்இவிசி முறையில் சுருக்கப்பட்டிருப்பதால், ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸும் தேவை, அதற்குச் சிறு கட்டணம் உண்டு. செலவு வேண்டாமென்றால் ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ், மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றுங்கள். இனி எடுப்பவை ஜேபெக்காக வரும், பழையவை மாறாது.

எந்தப் படமுமே திறக்கவில்லையா? ஒன்றை குரோமில் இழுத்துப் போடுங்கள். அங்கே திறந்தால் கோளாறு விண்டோஸின் போட்டோஸ் செயலியில். விண்டோஸ் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸில் அதன் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குப் போய் ரிப்பேர், சரியாகாவிட்டால் ரீசெட்.

மேல்பாதி தெரிந்து கீழே சாம்பல் நிறமாக வந்தால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. சாதாரண ஜேபெக் மேலிருந்து கீழாகப் பதிவாவதால் வந்தவரைக்கும் தெரியும். காப்பி முடியுமுன் பென் டிரைவைப் பிடுங்கினால் இப்படித்தான் ஆகும். சில செயலிகள் இத்தகைய கோப்பைத் தொடவே மறுக்கும். படம் பார்க்கும் மென்பொருளான இர்ஃபான்வியூ பெரும்பாலும் இருக்கும் பகுதியைக் காட்டும், அதை வேறு பெயரில் சேமித்துக்கொள்ளலாம்.

அளவு சரியாக இருந்தும் நோட்பேடில் முழுக்க வெறுமையாகத் தெரிவதுதான் மோசமான நிலை. உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள். அசல் கார்டு கையில் இருந்தால் அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபார்மட் கேட்டால் மறுத்துவிடுங்கள், பிழை திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். கார்டில் புதிதாகப் பதிவாகும் எதுவும் பழைய படத்தின் இடத்தில் விழலாம். ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் இலவசம், கோப்புப் பட்டியலை நம்பாமல் கார்டு முழுவதும் படங்களின் தொடக்கக் குறிகளைத் தேடி மீட்கும். மீட்டவற்றைக் கணினியின் டிஸ்க்கில் சேமியுங்கள், அதே கார்டில் வேண்டாம். பழைய பெயர்கள் திரும்பாது. கார்டில் துண்டு துண்டாகப் பதிந்திருந்த படங்கள் அரைகுறையாகவே வரும்.