ஓரியன் நெபுலா: டிரைபாடிலிருந்து டிராக்கர் வரை

ஓரியன் நெபுலாவைப் படமெடுக்க ஆசையா? டெலஸ்கோப்புக்கு ஒதுக்கிய காசை முதலில் டிராக்கரில் (வானம் நகரும் வேகத்திலேயே கேமராவைத் திருப்பும் கருவி) போடுங்கள். ஏன் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு ஓர் ஆர்க்செகண்ட்) நகர்கிறது. ஓரியன் வான நடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் அங்கே கிட்டத்தட்ட முழு வேகம். 4 மைக்ரான் பிக்சல் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் ஒரு பிக்சலுக்கு 16.5 ஆர்க்செகண்ட் விழும். வெறும் டிரைபாடில் 2, 3 நொடிவரை நட்சத்திரம் ஓரளவு புள்ளியாக நிற்கும். '500-ஐ ஃபோக்கல் லெங்த்தால் வகு' என்ற பழைய கணக்கை நம்பி 10 நொடி வைத்தால் 9 பிக்சல் நீளக் கோடுதான் கிடைக்கும். 200 மி.மீ.யில் ஒரே நொடியில் 3 பிக்சலுக்கு மேல் இழுத்துவிடும்.

டிராக்கர் வந்த பிறகு பலரும் சறுக்குவது போலார் அலைன்மென்ட்டில், அதாவது டிராக்கரின் அச்சை வானத்தின் வடதுருவத்தை நோக்கி நிறுத்துவதில். துருவ நட்சத்திரம் அந்தத் துருவத்திலிருந்து சுமார் 0.6 டிகிரி தள்ளி இருக்கிறது. அதையே நடுவில் வைத்தால் நிமிடத்துக்கு 9 ஆர்க்செகண்ட் வரை விலகும், 200 மி.மீ.யில் 2 பிக்சலுக்கு மேல். போலார் ஸ்கோப்பில் (டிராக்கரின் அச்சு வழியாகப் பார்க்கும் சிறு தொலைநோக்கி) தெரியும் வளையத்தில் அன்றைய நேரத்துக்கு அது எங்கே நிற்க வேண்டும் என்று செயலியில் பார்த்து வையுங்கள். கேமராவை மாட்டியதும் எடையில் டிரைபாட் லேசாகச் சாயும், அதனால் இன்னொரு முறை பார்ப்பது அவசியம்.

ஃபோக்கஸுக்கு பாட்டினோவ் மாஸ்க், அதாவது லென்ஸ் முன்னால் மாட்டும் கோடுகோடாக வெட்டிய தகடு. ஓரியனின் பிரகாசமான நட்சத்திரமான ரைஜலை லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கினால் ஒளிக்கீற்றுகள் மூன்று தெரியும். நடுக்கீற்று மற்ற இரண்டும் வெட்டும் இடத்தில் சரியாக உட்கார்ந்ததும் லென்ஸின் ஃபோக்கஸ் வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர ஃபோக்கஸ் நகரும். மணிக்கு ஒருமுறை சரிபாருங்கள்.

எஃப்/4, ஐஎஸ்ஓ 800, 60 நொடி நன்றாக வேலை செய்கிறது. இப்படிப் பல படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்க வேண்டும்; இதுதான் ஸ்டாக். 16 படங்களிலிருந்து 64-க்குப் போனால் நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான கறை) பாதியாகும். அதற்கு மேல் பாதியாக்க 256 வேண்டும்.

கடைசியில் லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐஎஸ்ஓ, அதே 60 நொடியில் 20 டார்க் (சென்சாரே உண்டாக்கும் கறையைப் பிறகு கழிக்க எடுக்கும் இருட்டுப் படம்). மூடியைக் கழற்றி, வெள்ளைத் துணி போர்த்தி, ஹிஸ்டோகிராம் நடுவில் நிற்கும்படி 25 ஃபிளாட் (தூசி நிழலையும் ஓர இருட்டையும் நீக்க, சீரான ஒளியில் எடுக்கும் படம்). ஃபிளாட் முடியும்வரை ஃபோக்கஸைத் தொடக்கூடாது, கேமராவைத் திருப்பவும் கூடாது. மீறினால் தூசி நிழல் அழியாது; பழைய வட்டத்துக்குப் பக்கத்தில் வெளிறிய இன்னொரு வட்டம் முளைக்கும்.

நெபுலாவின் நடுவிலுள்ள பிரகாசமான நட்சத்திரக் கூட்டமான டிரபீசியம் 60 நொடியில் வெளுத்துப்போகும். அதற்கு 5 நொடிப் படங்கள் 20 எடுத்து, சிரில் என்ற மென்பொருளில் தனியாக ஸ்டாக் செய்து, பிறகு நடுப்பகுதிக்கு மட்டும் லேயர் மாஸ்க் போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம்.