ஓபரா ஹவுஸ் கூரையும் அப்பாவும்

மே 10, 2025, சனி

அப்பா ஊரிலிருந்து வந்து இன்றோடு பன்னிரண்டு நாள். குளிர் கொஞ்சம் பழகட்டும் என்று காத்திருந்தேன். சிட்னிக்கு வந்தவரை முதலில் இசை, நாடக அரங்கான ஓபரா ஹவுஸுக்குத்தான் கூட்டிப்போக வேண்டும், அதுவும் தண்ணீர் வழியாகத்தான் என்பது என் பிடிவாதம். ஒலிம்பிக் பார்க் துறையில் படகு ஏறினோம். ஹார்பர் பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்ததும், வலப்பக்கம் அந்த வெள்ளைக் கூரைகள் மொத்தமாகத் தெரிந்தன. அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

நாற்பது வருடம் மதுரையில் டைல்ஸ் பதித்தவர் அவர். "சாரம் எப்படிடா கட்டுனாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

படியேறியதும் கூரை இறங்கித் தரையைத் தொடும் இடத்துக்கு நேராகப் போனார். தூரத்தில் ஒரே வெள்ளையாகத் தெரிவது, கிட்டே போனால் இரண்டு வகை டைல்ஸ். நடுவில் பளபளக்கும் வெள்ளை. ஓரங்களில் பளபளப்பில்லாத பாலாடை நிறம். ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் சதுரம். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டைவிரல் நகத்தை டைல்ஸுக்கு இடையிலுள்ள சந்தில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார். ஏழெட்டு டைல்ஸ் தாண்டியதும் நிறுத்தி, "ஒரே சீரா வந்திருக்கு" என்றார். லேசில் யாருக்கும் சொல்லாத வார்த்தை அது.

அப்புறம் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "இந்த வளைவுல நூல் எப்படிப் பிடிக்கிறது? ரசமட்டத்த எங்க வைக்கிறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோரு வருடமாக இதே ஊரில் இருக்கிறேன், இப்படி ஒரு கேள்வியே எனக்குத் தோன்றியதில்லை.

மே 11, ஞாயிறு

மதியம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். பதில் கிடைத்துவிட்டது!

யாரும் அந்தக் கூரைமேல் ஏறி ஒவ்வொன்றாகப் பதிக்கவில்லை. தரையில் அச்சுகள் செய்து, டைல்ஸை முகம் கீழாகக் கவிழ்த்து அடுக்கி, முதுகில் கம்பி வலையும் கலவையும் போட்டு, பெரிய பெரிய பலகைகளாக வார்த்திருக்கிறார்கள். பிறகு கிரேனில் தூக்கிக் கூரையில் பொருத்தியிருக்கிறார்கள். மொத்தம் 10,56,006 டைல்ஸ், சுவீடனில் செய்தவை.

கூரை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவு. அப்படியிருக்க, பலகைகளை எப்படி அச்சில் வார்க்க முடிந்தது? டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் இதை வடிவமைப்பதற்கான 1957 போட்டியில் வென்றபோது, அவர் வரைந்த வளைவுகளை எப்படிக் கட்டுவது என்று யாருக்கும் தெரியாது. பொறியாளர்கள் வருடக்கணக்கில் கணக்குப் போட்டும் வழி பிடிபடவில்லை. 1961இல்தான் விடை கிடைத்தது: எல்லாக் கூரைகளையும் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக வைத்துக்கொள்வது. இதை அப்பாவிடம் சொல்லத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவரே அடுப்படிக்குப் போய் ஒரு சிரட்டையை எடுத்து வந்தார். "இத எத்தனை துண்டா உடைச்சாலும் வளைவு ஒண்ணுதான். அதானே?"

அதேதான்.

மே 14, புதன்

மழை. வெளியே போகவில்லை.

சாப்பிடும்போது உட்சன் கதையைச் சொன்னேன். 1966இல் கூரை வேலை முடியும் தறுவாயில் மாநில அரசோடு தகராறு. சம்பளப் பாக்கி, உள்வேலை வரைபடங்கள், செலவு என்று முற்றி, பொறுப்பை விட்டு விலகிக் குடும்பத்தோடு நாட்டைவிட்டே போய்விட்டார். உள்ளே மீதி வேலையைக் கட்டடக் கலைஞர் பீட்டர் ஹாலும் மற்றவர்களும் முடித்தார்கள். 70 லட்சம் டாலர் மதிப்பீட்டில் தொடங்கியது 10 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. பெரும்பகுதி லாட்டரிப் பணம். 1973 அக்டோபர் 20 அன்று எலிசபெத் ராணி திறந்துவைத்தபோது உட்சன் அங்கே இல்லை. 2008இல் இறக்கும்வரை திரும்பி வரவேயில்லை.

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "கிரகப்பிரவேசத்துக்கு முதல் வேட்டி துண்டு கொத்தனாருக்குத்தான் வச்சுக் குடுப்பாங்க. அவரு ஒரு தடவகூட வரலயா?"

1999இல் அவரை மறுபடி அழைத்துப் பேசியதையும், ஊரிலிருந்தபடியே ஓர் அறையை அவர் வடிவமைத்துக் கொடுத்ததையும், அவர் மகன் இங்கே வந்து வேலை பார்த்ததையும் சொன்னேன். "மகன் வந்தானா, சரி" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

மே 16, வெள்ளி

இரவு ஓபரா ஹவுஸில் சிட்னி சிம்பொனி இசைக்குழுவின் கச்சேரி. பெரிய அரங்கு, சுமார் 2,600 பேர் உட்காரலாம். சுவரும் கூரையும் மரம். மேடைக்கு மேலே கத்திரிப்பூ நிறத்தில் பெரிய இதழ்கள் தொங்குகின்றன. 2022இல் முடிந்த சீரமைப்பில் மாட்டியவை. மேடைக்காரர்கள் ஒருவரையொருவர் நன்றாகக் கேட்கவும், சத்தம் மேலே தொலைந்துபோகாமல் நம்மிடம் திரும்பவும் அவை உதவுகின்றன. பின்னால் 10,000 குழாய்களுக்கு மேல் உள்ள ஆர்கன் என்ற இசைக்கருவி.

மேற்கத்திய இசை அப்பாவுக்குப் பழக்கமில்லை, தூங்கிவிடுவாரோ என்று பயந்தேன். வயலின்கள் மிக மெல்லமாக இறங்கிய ஓரிடத்தில், பின்வரிசையில் யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பகுதி முடியும்வரை விடவில்லை.

வெளியே வந்தபோது மணி பத்து. காற்றில் பல் கிட்டியது. ரயிலுக்குப் போகலாம் என்றால் கேட்கவில்லை. மறுபடி அந்த டைல்ஸிடம் போய்விட்டார். மதுரையில் அவரோடு வேலை பார்த்தவருக்கு அனுப்ப வேண்டுமாம். முழுக் கட்டடத்தையும் எடுக்கப் பின்னால் நகர்ந்தேன்.

"அதெல்லாம் அவன் டிவில பாத்திருப்பான். கிட்ட வந்து இந்தச் சந்தை மட்டும் எடு."

எடுத்தேன். படத்தில் நான்கு டைல்ஸ், நடுவில் அப்பாவின் கட்டைவிரல்.