சின்னப் பல்லுக்கு ஏன் அதிக நேரம்?

போன வாரம் ஒரே நாளில் இரண்டு க்ரவுன், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை. இரண்டும் லித்தியம் டைசிலிகேட் என்ற செராமிக், ஒரே இயந்திரம். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு மில்லிங், அதாவது செராமிக்கை அரைத்து க்ரவுன் வடிவம் எடுப்பது, 12 நிமிடத்தில் முடிந்தது. மேல் முன்பல்லுக்கு 19 நிமிடம். "சின்னப் பல்லுதானே டாக்டர், ஏன் இவ்வளவு நேரம்?" என்று நாற்காலியில் இருந்த அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

முதல் காரணம், இரண்டுக்கும் நான் வைத்தது ஒரே அளவு பிளாக் (செராமிக் கட்டி). பல் சிறியதென்றால் பிளாக்கில் தேய்த்து நீக்க வேண்டிய பகுதி அதிகம். செராமிக்கை மரம் மாதிரிச் செதுக்க முடியாது. வைரத்துகள் பதித்த பர் என்ற சுழலும் அரைப்பு முனை, தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்க, அதைத் துளித்துளியாக அரைத்துத்தான் எடுக்கும்.

ஆனால் கூடுதலான அந்த 7 நிமிடத்தில் பெரும்பங்கு என் கையால் வந்தது. முன்பல்லை க்ரவுனுக்காகச் செதுக்கித் தயார் செய்தபோது அதன் வெட்டு விளிம்பை மெல்லியதாக, கூராக விட்டுவிட்டேன். க்ரவுனின் உட்புறத்தில் அந்த விளிம்பு உட்காரும் பள்ளம், பர்ரின் விட்டத்தைவிடக் குறுகலாகிவிட்டது. பருமனான பர் அதற்குள் நுழையாது. மென்பொருள் அதற்காக உட்புறத்தை அதிகமாகக் குடைந்துவிடும். க்ரவுன் உள்ளே தளர்வாக நிற்கும். அதை நான் ஏற்கவில்லை. மெல்லிய பர் வைத்து நுண்ணிய மில்லிங்கைத் தேர்ந்தெடுத்தேன். மெல்லிய பர் ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் எடுக்கும், மெதுவாகத்தான் போக முடியும். விளிம்பை ஒரு நிமிடம் உருட்டிவிட்டிருந்தால் அந்த அம்மா அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.

அப்புறம் பர்ரின் வயது. வைரத்துகள் உதிர்ந்த பர் அரைப்பதைவிட அழுத்துவதுதான் அதிகம். மோட்டாரில் சுமை கூடியதும் என் இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நேரம் நீள்வதோடு நிற்காது, க்ரவுன் பல்லோடு சேரும் மார்ஜின் ஓரத்தில் சில்லு பெயரும். அதனால் பர்ரை மாற்றச் சொல்லி எச்சரிக்கை வரும்வரை நான் காத்திருப்பதில்லை. வழக்கமான க்ரவுனுக்கு இரண்டு மூன்று நிமிடம் கூடுகிறது என்றாலே மாற்றிவிடுகிறேன். குளிர்விக்கும் தண்ணீரில் செராமிக் பொடி சேர்ந்து கலங்கினாலும் இதே தொல்லைதான். தொட்டியையும் வடிகட்டியையும் கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லித்தியம் டைசிலிகேட் பிளாக் நீலச் சாயலில் இருக்கும்போது முழு வலிமை பெற்றிருக்காது, அதனால்தான் அரைக்க முடிகிறது. பிறகு சூளையில் சுமார் 850 டிகிரியில் வைத்தால் பல் நிறமும் வலிமையும் வரும். ஜிர்கோனியா என்ற இன்னொரு செராமிக்கைச் சாக்கட்டி போல மென்மையாக இருக்கும்போதே, 20 முதல் 25 சதவீதம் பெரிதாக வெட்டுகிறோம். சூளையில் அது சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். மில்லிங்கில் மிச்சமாகும் நேரத்தைச் சூளை எடுத்துக்கொள்ளும். ஆகவே நோயாளிக்கு நேரம் சொல்லும்போது இரண்டையும் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

நேற்று இன்னொரு மேல் முன்பல் வந்தது. ஸ்கேன் எடுக்கும் முன் விளிம்பை நன்றாக உருட்டி, திரையில் உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். வழக்கமான பர்ரே போதும் என்று காட்டியது. சின்ன பிளாக்கும் கையில் இருந்தது. 13 நிமிடத்தில் க்ரவுன் வெளியே வந்தது.