டேப்பெட் சத்தம் நின்றபோது

ஏலகிரி போய் வந்த மறுவாரம், வண்டியில் டேப்பெட் சத்தம், அதாவது இன்ஜின் வால்வுகளைத் தட்டித் திறக்கும் பாகங்களின் சத்தம், குறைந்திருப்பதைக் கவனித்து நான் சந்தோஷப்பட்டேன். அப்பா 1977-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 3 அது. ஐட்லிங்கில் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அப்பா சட்டையே மாட்டுவார். புது ஆயில் ஊற்றியதன் பலன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதத்துக்குள் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. ஐட்லிங் தடுமாறியது. காட்பாடி மேம்பாலம் ஏறுவதற்கே கியரை இறக்க வேண்டியிருந்தது.

வேலூர் சத்துவாச்சாரியில் பட்டறை வைத்திருக்கும் பாய் அப்பா காலத்துப் பழக்கம். பானெட்டைத் தூக்கி ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "சத்தம் இல்லன்னு சந்தோஷப்பட்டியா தம்பி? சத்தம் போடற டேப்பெட் வால்வைக் காப்பாத்தும். சத்தம் போடாததுதான் எரிச்சிடும்" என்றார்.

மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ராக்கர் கவரைக் கழற்றி அளந்தோம். இந்த 1489 சிசி இன்ஜினுக்கு டேப்பெட் இடைவெளி, வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே விட வேண்டிய சந்து, 15 தௌ. அதாவது அங்குலத்தில் ஆயிரத்துக்கு 15 பங்கு. எட்டு வால்வுக்கும் ஒன்பது கணக்கு: எட்டாவது வால்வு முழுதாக அமுங்கியிருக்கும்போது ஒன்றாவதை அளக்க வேண்டும், ஏழாவது அமுங்கினால் இரண்டாவதை. கூட்டினால் எப்போதும் ஒன்பது. முன்பக்கமிருந்து 1, 4, 5, 8 புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வுகள், மற்ற நான்கும் இன்லெட். இன்லெட் நான்கிலும் 15 தௌ அப்படியே இருந்தது. ஓரத்தில் இருக்கும் 1, 8 இரண்டும் 11-க்கு வந்திருந்தன. நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும் 4, 5 இரண்டிலும் 6 தௌ பிளேடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. ஏலகிரிக்கு இரண்டு மாதம் முன்பு எல்லாவற்றையும் 15-க்கு வைத்தவர் இதே பாய்தான்.

வால்வு தன் சீட்டுக்குள், அது மூடி உட்காரும் வட்ட விளிம்புக்குள், புதைந்துபோனால் அதன் தண்டு மேலே ஏறும், ராக்கருக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும், சத்தம் அடங்கும். இடைவெளி முழுக்கப் போய்விட்டால் வால்வு மூடவே மூடாது. எரியும் வாயு அந்தச் சந்து வழியாகப் பாய்ந்து வால்வு விளிம்பைத் தின்றுவிடும்.

காரணம் ஈயம். அந்தக் காலப் பெட்ரோலில் ஆக்டேனை (அழுத்தத்தில் தானாக வெடிக்காத தன்மையை) கூட்ட டெட்ரா எத்தில் லெட் கலந்தார்கள். அது எரிந்து படியும் ஈயப்படிவு எக்ஸாஸ்ட் சீட்டில் மெத்தை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். அம்பாசடர் ஹெட், வால்வுகள் உட்காரும் இன்ஜின் மேல்பாகம், வார்ப்பிரும்பு. சீட்டுக்குத் தனி வளையம் கிடையாது, ஹெட்டையே கடைந்து சீட் ஆக்கியிருப்பார்கள். மெத்தை போனபின், பழுக்கக் காய்ந்த வால்வு கடினமில்லாத அந்த இரும்பில் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் துளித்துளியாக ஒட்டிப் பிய்த்துக்கொண்டு வரும். இன்லெட் வால்வுக்கு உள்ளே வரும் பெட்ரோல் காற்றே குளிர்ச்சி, அதனால் அது தப்பித்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது, 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க அதுதான். குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம் ஒழிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. என் கேள்வியெல்லாம் இத்தனை வருஷம் எதுவும் ஆகாமல் இப்போது ஏன் என்பதுதான்.

பாய் கேட்ட முதல் கேள்வியிலேயே பதில் இருந்தது: "எப்படி ஓட்டினே?" அப்பா காட்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் நாற்பதிலேயே போய் வந்தவர். பழைய ஈயப்படிவும் கொஞ்ச காலம் காவல் காத்திருக்கும். அப்புறம் வண்டி வருஷக்கணக்கில் ஷெட்டில் தூங்கியது. நான் எடுத்த பிறகு பெங்களூர் ஹைவேயில் தொண்ணூறில் இரண்டு தடவை, பிறகு மே மாத வெயிலில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்பார்க் விழும் டைமிங்கும் கொஞ்சம் தாமதமாக இருந்திருக்கிறது. அதுவும் எக்ஸாஸ்டின் சூட்டைக் கூட்டும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். டேங்குக்கு ஒரு மூடி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) ஊற்று என்றார் ஒருவர். புகைதான் வரும், சீட்டுக்கு அதனால் ஒன்றும் ஆகாது என்பது என் முடிவு. விலை கூடின ஹை ஆக்டேன் பெட்ரோல் போடு என்றார் இன்னொருவர். அந்தக் காலத்துக் குறைந்த கம்ப்ரஷன் இன்ஜின், சாதாரணப் பெட்ரோலிலேயே நாக்கிங், பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் சத்தம், வராது. ஆக்டேனும் சீட் தேய்மானமும் வேறு வேறு பிரச்சினை. பொட்டாசியம், மாங்கனீசு, பாஸ்பரஸ் என்று ஈயத்துக்கு மாற்றாக வரும் அடிட்டிவ் பாட்டில்கள் உண்மையில் உதவும். ஆனால் ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்ற வேண்டும், ஒரு வகையோடு இன்னொன்றைக் கலக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், தேய்ந்த சீட்டை அது திருப்பித் தராது. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஹெட்டை இறக்கி, எக்ஸாஸ்ட் நான்குக்கும் கடின எஃகு வளையம் வைப்பதுதான் வழி.

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். பாய் சொன்ன லேத்காரர் ஊரில் இல்லை, இரண்டு வாரம் பொறு என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. வேறொரு பட்டறையில் கொடுத்தேன். வளையத்துக்குக் குழி கடையும்போது ஐந்தாவதில் ஆழம் தாண்டி, குளிர்விக்கும் தண்ணீர் ஓடும் வாட்டர் ஜாக்கெட் வரை ஓட்டை விழுந்துவிட்டது. "வெல்டு வெச்சிடலாம் சார்" என்று எதுவும் நடக்காத மாதிரி சொன்னார்கள். அந்த இடத்தில் வெல்டு நிற்காது என்பது எனக்கே தெரிந்தது. ஹெட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். பாய் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சென்னை புதுப்பேட்டையில் ஒரு நாள் முழுக்க அலைந்து இன்னொரு ஹெட் வாங்கினேன். இந்த முறை பாய் விதித்தபடியே எல்லாம். முதலில் க்ராக் பார்க்கும் சிவப்புச் சாயம் தடவி, வால்வுகளுக்கு நடுவே கீறல் இல்லை என்று உறுதி செய்தோம். குழியைவிட வளையம் 3, 4 தௌ பெரிது. வளையத்தை டிரை ஐஸில் போட்டு, ஹெட்டைச் சூடாக்கி, ஒரே மூச்சில் அமுக்கி இறக்கினார் லேத்காரர். சூடு சமமானதும் அது தானாகக் கவ்விக்கொள்ளும். நான்கு எக்ஸாஸ்ட் வால்வும் புதிது, 45 டிகிரி கட், சீட்டோடு பொருந்தக் கையாலேயே தேய்த்து லேப்பிங். புதைந்தவை எக்ஸாஸ்ட் மட்டும் என்பதால் இன்லெட் பக்கம் வளையம் வைக்கவில்லை. ஹெட், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து 27,000 ரூபாய். அவசரப்படாமல் இருந்திருந்தால் அதில் பாதிதான்.

ஹெட் ஏறிய கையோடு இன்னொரு வேலையையும் முடித்தோம். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸ் அதில் ஊறி உப்பிப்போகும், பம்பின் சவ்வு (டயாஃப்ரம்) விறைக்கும், நின்ற வண்டியின் டேங்கில் ஈரம் சேர்ந்து துருப்பிடிக்கும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்குவதாக மாற்றினோம். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலிந்து சூடு ஏறும், அதனால் கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி வைத்தார் பாய். மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை எட்டு இடைவெளியையும் நோட்டில் எழுதுகிறேன். மூவாயிரம் ஆயிற்று. ஐந்தாவது மட்டும் 14 காட்டியது, அதுவும் முதல் ஆயிரத்தில், வளையம் படியும்போது. அதற்கப்புறம் நகரவில்லை. டிக் டிக் திரும்பி வந்துவிட்டது.

ஓட்டை விழுந்த பழைய ஹெட் இன்னும் ஷெட்டில்தான் கிடக்கிறது. காயலான் கடைக்குப் போட அப்பா விடவில்லை.